ஆர்15 வி3: இந்தோனேசிய எடையும் நம்ம ஊர் எடையும், குன்னூர் மலைப்பாதையில்

குன்னூரில் யமஹா ஆர்15 வி3 பைக் ஓட்டுகிறேன். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டி வழுக்காமல் தடுப்பது) வந்த பிறகு வாங்கிய வண்டி. பார்க்கிற பையன்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இந்தோனேசியா வண்டி இதைவிட லேசாமே?"

உண்மைதான். அங்கே வந்த வி3 137 கிலோ. 2018இல் இங்கே வந்தது 139, ஏபிஎஸ் சேர்ந்ததும் 142. இரண்டிலும் அதே 155 சிசி எஞ்சின். இப்படிக் கூடின எடைக்குச் சாரி கார்டைத்தான் (பின்சக்கரத்தின் பக்கத்தில் வரும் தடுப்பு) எல்லோரும் முதலில் குறை சொல்கிறார்கள், கழற்றியும் விடுகிறார்கள். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்பது 1989 மோட்டார் வாகன விதி. அம்மாவைச் சேலையோடு உட்கார வைத்துக் கோத்தகிரிக்குக் கூட்டிப் போகிறவன் நான். அதைக் கழற்ற மாட்டேன்.

அப்புறம், டேங்க் 11 லிட்டர். ஃபுல் டேங்க் போட்டாலே பெட்ரோல் மட்டும் எட்டு கிலோ வரும். இந்த ஐந்து கிலோவுக்கா இவ்வளவு பேச்சு?

மலையில் நான் உணர்ந்த வித்தியாசம் எடையில் இல்லை, ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக்கில் இருக்கிறது. இந்தோனேசியாவில் யுஎஸ்டி (தலைகீழாகப் பொருத்திய, விறைப்பான ஃபோர்க்), நமக்குச் சாதா டெலஸ்கோபிக். பர்லியாறு தாண்டிக் கல்லாறு பக்கம் இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிரேக்கிங்கோடுதான் (எஞ்சினே வேகத்தைக் குறைக்கும்படி) வருவேன். அப்படியும் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் முன்பிரேக்கைப் பிடித்தால் மூக்கு சட்டென்று அமுங்கும், பாரமெல்லாம் மணிக்கட்டில் வந்து இறங்கும். பின்னால் ஆள் இருந்தால் இன்னும் மோசம். ஏற்றத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை, வண்டி அருமையாக ஏறும். மழையில் பாசி படிந்த வளைவுகளில் ஏபிஎஸ் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்காகக் கூடின எடையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

கார்க்காரர்களும் இதே கணக்கில்தான் சண்டை போடுகிறார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 (என்டி தலைமுறை) வந்த புதிதில் ஜப்பானில் 990 கிலோ, அமெரிக்காவில் 1,058. ஆனால் முதலாவது 1.5 லிட்டர், இரண்டாவது 2 லிட்டர் எஞ்சின். ஆல்ஃபா ரோமியோ 4சி-க்கு ஐரோப்பாவில் சொன்ன 895 கிலோ, எண்ணெய் பெட்ரோல் எதுவும் ஊற்றாத எடை. ஐரோப்பிய விவரத் தாள்கள் பலவற்றில் ஓட்டுநருக்கென்று 75 கிலோ சேர்ந்திருக்கும், ஜப்பானியத் தாளில் அது கிடையாது. எதைச் சேர்த்து எடை போட்டார்கள் என்று பார்க்காமல் இரண்டு எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பேசுவது வீண்.

2021இல் வந்த வி4 அதே 142 கிலோதான், ஆனால் யுஎஸ்டி ஃபோர்க் உண்டு. மலையில் ஓட்டப் புதிதாக வாங்குகிறவர்கள் அதையே எடுங்கள்.