கொல்லைப்புற மேடைக்குக் கல்லா, மரமா, இரும்பா?

மதுரைப் பக்கத்தில் கொல்லையில் மேடை போட நினைப்பவர்களுக்கு, வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் மேடையைத்தான் சொல்வேன். மண் இறங்கினால் மேடை மட்டும் இறங்கும். சுவருக்குச் சேதம் வராது. ஆனால் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாததால், கால்களுக்கு இரு திசையிலும் குறுக்குச் சட்டம் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு பேர் நடந்தாலே ஆடும்.

எந்தப் பொருளில் கட்டுவது என்பதை அழகை வைத்து முடிவு செய்கிறார்கள். மண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

மேலூர் கிரானைட் குவாரிகளுக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்கே இறுகிய செம்மண்ணில் வீடு இருந்தால் கல்லுக்கே என் ஓட்டு. கரையான் தீண்டாது, மழையில் ஊறாது, பராமரிப்பும் மிகக் குறைவு. 2 அங்குலக் கனமுள்ள பட்டியக்கல் சதுர அடிக்குச் சுமார் 12 கிலோ இருக்கும். 12க்கு 10 அடி மேடை என்றால் கல் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை டன். அமெரிக்காவில் இத்தகைய மேடைகளுக்கு, ஆட்களும் சாமான்களுமாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ, தாங்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். அதையும் சேர்த்தால் கால்கள் மூன்றரை டன்னுக்கு மேல் சுமக்க வேண்டும். கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அடியில் தாங்கல்கள் நெருக்கமாக இருக்கட்டும். ஒரே குறை, சித்திரை வெயிலை உறிஞ்சிய கல் இருட்டிய பின்னும் சுடும்.

திருமங்கலம், பேரையூர்க் கரிசலில் இதே மேடையைக் கட்ட வேண்டாம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அந்த மண் ஐப்பசி மழையில் உப்பும். ஒவ்வொரு காலும் ஒவ்வோர் அளவு ஏறி இறங்க, கல் விரிசல் விட்டுவிடும். அங்கே எடை குறைந்த ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, சதுரக் குழாய்ச் சட்டம்தான் சரி. அடித்தளத்தை வெடிப்பு எட்டும் ஆழத்துக்கும் கீழே இறக்குங்கள். காலைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காமல் அடித்தகடு வைத்து போல்ட் போட்டால், மட்டம் தவறும்போது தகடு செருகிச் சரிசெய்யலாம். வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துரு முதலில் அங்குதான் பிடிக்கும். அன்றே ஜிங்க் பெயிண்ட் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையை எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் நீளும், வெறுங்காலில் சுடும், சட்டத்துக்கும் உதவாது.

மரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். காலுக்கு அதைப்போல் இதமானது வேறில்லை. ஆனால் மேடையின் கால்களையும் உத்திரத்தையும் மரத்தில் செய்து மண்ணில் ஊன்றினால் கரையானுக்கு வழி திறந்துவிட்டதாகும். இரும்புச் சட்டத்தின் மேல் தேக்கு அல்லது வேங்கைப் பலகை போடுங்கள். வைரம் பாய்ந்த உட்கட்டையாக இருக்கட்டும், வெளிப்புற வெள்ளை வேண்டாம். தரைக்கும் சட்டத்துக்கும் ஒன்றரை அடியாவது விட்டால், கரையான் புற்று ஏறுவதைக் குனிந்து பார்த்துக் கலைக்க முடியும். பலகைகளுக்கு நடுவே கால் அங்குல இடைவெளி வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்க அதை அடைத்துத் தருவதாகத் தச்சர் சொன்னால் மறுத்துவிடுங்கள். மழைநீர் வடிய வேறு வழி கிடையாது.