நவராத்திரி மண்டபக் கச்சேரிகள்: குமரியிலிருந்து நண்பர்களோடு செல்வோருக்கு

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோவிலை ஒட்டியுள்ள நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒன்பது மாலைகள் நடைபெறும் சங்கீத விழாவை, நண்பர்கள் கூடிச் சென்று கேட்கத் தக்க விழா என்று குமரி மாவட்டத்து ரசிகர்களுக்குத் தயக்கமின்றிச் சொல்வேன். கச்சேரி நடப்பது கேரளத்தில் என்றாலும் விழா புறப்படுவது நம் மண்ணிலிருந்துதான். கம்பர் பூசித்ததாக மரபு சொல்லும் பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று தெய்வத் திருவுருவங்களும் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் சென்றடைந்து, அவற்றுள் சரஸ்வதி தேவி இந்த மண்டபத்தில் எழுந்தருளிய பிறகே அங்கே பாட்டு தொடங்குகிறது.

ஆகவே விழாவை முழுமையாக அனுபவிக்க விரும்புவோர், சுவாமி புறப்பாட்டு நாளன்று தக்கலைக்கு வந்து பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் நின்று பார்ப்பது நல்லது. பத்மநாபபுரம் அரண்மனைக்குள் இருக்கும் பழைய நவராத்திரி மண்டபத்தையும் வேறொரு நாளில் நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் செதுக்கிய கல் தூண்களையும், அரச குடும்பப் பெண்கள் மறைவிலிருந்து கேட்பதற்கான மரத் தட்டிகளையும் பார்த்தவருக்கு, திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு இடம் மாறியபோது என்னவெல்லாம் உடன் போயின என்பது விளங்கும்.

இந்த விழாவின் தனிச்சிறப்பு, எந்த நாளில் எந்த ராகம் என்பது முன்கூட்டியே உறுதியாக இருப்பது. திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய ஒன்பது நவராத்திரிக் கிருதிகளே நாளுக்கொன்றாக மையப் பாடலாக அமைகின்றன: முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, நிறைவு நாளில் ஆரபி. நண்பர் குழுவுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. வித்துவான் பெயரைப் பார்த்து நாளைத் தேர்வதைவிட, ராகத்தைத் தேர்ந்து, அதன் பழைய பதிவுகளைச் சில நாட்கள் எல்லோரும் கேட்டுவிட்டுச் செல்வதே பயன் தரும். எங்கள் குழுவில் சங்கீதம் பயிலாத நண்பர் ஒருவர் இப்படிப் பைரவியையே விடாமல் கேட்டுவிட்டு வந்தார். அந்த ராகக் கிருதியான 'ஜனனி மாமவ' தொடங்கியபோது பாட்டு எங்கே விரிகிறது, எங்கே திரும்புகிறது என்பதை எங்களுக்கு இணையாக அவரும் பின்தொடர்ந்தார்.

மண்டபத்தின் ஒழுங்கு கடுமையானது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்குள் கச்சேரி முடிந்துவிடும். இது தேவிக்கு முன் செய்யும் ஆராதனை என்பதால் கைதட்டல் கிடையாது. எண்ணெய் விளக்குகளின் ஒளியில், ஒலி நன்கு பரவுவதற்காக மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட கூரையின் கீழ், ராக ஆலாபனை அவசரமின்றி வளர்கிறது. ஆலாபனையை அடுத்து ராகத்தை லயத்தோடு சொற்கட்டுகளால் விரிக்கும் தானம் பாடும்போது மிருதங்கமும் உடன் ஒலிப்பது, பிற சபாக்களில் எளிதில் கேட்கக் கிடைக்காத அனுபவம். பாடகரின் 'அனந்தம், தானம்' என்ற சொற்கட்டுகளுக்கு நடுவே மிருதங்கக்காரர் எவ்வளவு மெல்லென விரல் வைக்கிறார், எங்கே வாசிக்காமல் விட்டுவிடுகிறார் என்பதைக் கவனித்துக் கேளுங்கள். கச்சேரி முழுவதற்கும் அந்தப் பகுதி ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. பக்கத்திலிருக்கும் நண்பரிடம் உடனே சொல்லத் துடிக்கும் கருத்துகளையெல்லாம் அடக்கி வைத்து, வெளியே வந்து கிழக்கேகோட்டைப் பக்கத்து உணவகத்தில் தோசைக்குக் காத்திருக்கும்போது பேசிக்கொள்வதில் தனி இன்பம் உண்டு.

நெடுங்காலம் பெண்கள் பாட இடமில்லாதிருந்த இம்மண்டபத்தில், நம் எல்லைக்கு அப்பால் களியக்காவிளையை அடுத்திருக்கும் பாறசாலையைச் சேர்ந்த பாடகி பொன்னம்மாள் 2006ஆம் ஆண்டு முதன்முதலாகப் பாடினார். அது மிகத் தாமதமாக வந்த நீதி என்பதே என் கருத்து.

குறைகளும் உண்டு. மண்டபம் சிறியது, தாமதமாக வருவோர் பாடகரின் முகம் பார்த்துக் கேட்கும் வாய்ப்பை இழந்துவிடுவார்கள். தரையில் இரண்டரை மணி நேரம் அமர முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். அவர்களை அழைத்துச் செல்பவர்கள் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் வேட்டியோடு செல்வது நலம். நாகர்கோவில், இரணியல், குழித்துறை நிலையங்களில் நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரே ரயிலில் ஏறிக்கொண்டால் தம்பானூரில் உள்ள திருவனந்தபுரம் ரயில் நிலையத்தில் இறங்கி, கோவில் இருக்கும் கோட்டைப் பகுதிக்கு நடந்தே போய்விடலாம். வழியில் பசியாற மட்டிப்பழமும் நேந்திரங்காய் வற்றலும் கையில் இருக்கட்டும். ஐந்து மணிக்கெல்லாம் மண்டபத்தருகே இருந்துவிடுவது நல்லது. திரும்பும்போது மட்டும் ரயிலை நம்பாமல் வேன் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்; ரயில் நேரத்தை எண்ணிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவருக்குத் தோடியும் காதில் ஏறாது.