ஐந்து வருட மாஸ்க் பழக்கம்: எதைத் துவைக்கிறேன், எதை வெட்டிப் போடுகிறேன்

கொரோனா ஓய்ந்த பிறகும் நான் மாஸ்க்கை விடவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் வழியில் ஒரு கிரானைட் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வழியெல்லாம் புழுதி, உள்ளே போனால் கல் தூள். 2020-இல் பழகியது அப்படியே தொடர்கிறது.

பைக்கில் போகத் துணி மாஸ்க். அப்பாவின் பழைய வேட்டியை இரண்டாக மடித்து அக்கா தைத்துக் கொடுத்தது. தினமும் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போட்டால் ஒரு வருடத்துக்கு மேல் உழைக்கும். முதலில் தளர்வது காது எலாஸ்டிக்தான், அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பட்டறைக்குள் துணி மாஸ்க்கை நம்பாதீர்கள். கல் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பது, அங்கே என்95 வேண்டும்.

அந்த என்95-ஐயும் ஒருமுறை சோப்பில் அலசிப் போட்டேன். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டையில் சாம்பல் நிறத் தூள். நடு அடுக்கின் இழைகளில் இருக்கும் நிலைமின்சாரம்தான் நுண்தூளை இழுத்துப் பிடிக்கிறது, சோப்போ சானிடைசரோ பட்டால் அது போய்விடும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது மூச்சு விடச் சிரமமானாலோ பட்டை தளர்ந்தாலோ மாற்றிவிடுகிறேன்.

சரி, கழற்றியதை என்ன செய்வது? ஆரம்பத்தில் எல்லாவற்றையும் அப்படியே குப்பையில்தான் போட்டேன். ஒருநாள் காலையில் எங்கள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அக்கா துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினார். ஈர்க்குச்சிகளுக்கு நடுவில் ஈரமான நீல மாஸ்க் ஒன்று, காதுக் கயிறு சுற்றிச் சுற்றி இறுகிப் போயிருந்தது. “தம்பி, இதை அறுத்துப் போடக் கூடாதா? ஒவ்வொண்ணையும் கையாலதான் பிச்சு எடுக்கிறேன்” என்றார். கையில் உறை இல்லை. யாரோ இருமிய மாஸ்க் அது. என்னுடையதாகக்கூட இருக்கலாம். அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே வழி சொல்லியிருக்கிறது. நோயில்லாதவர்கள் வீட்டில் கழற்றும் மாஸ்க்கைக் காகிதப் பையில் குறைந்தது 72 மணி நேரம் வைத்து, பிறகு வெட்டிப் பொதுக் குப்பையில் போட வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் ஒரு காகிதப் பை மாட்டி, மேலே தேதி எழுதி வைக்கிறேன். மூன்று நாள் கழித்துக் கயிற்றை அறுத்து, மூக்குக் கம்பியை உருவி, மாஸ்க்கை நடுவில் வெட்டி உலர் குப்பையில் சேர்க்கிறேன். இரண்டு நிமிட வேலை.

எரிக்க மட்டும் வேண்டாம். அப்பா ஒருமுறை சருகோடு சேர்த்துக் கொளுத்தினார். துணி மாதிரி இருந்தது உருகிச் சொட்டி, தொண்டை கமறியது. நீல மாஸ்க் துணியே இல்லை, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்.

அறுத்த எலாஸ்டிக்கைத் துவைத்துக் கொல்லையில் அவரைக் கொடியைப் பந்தலோடு கட்டுகிறேன். தண்டு பருத்தாலும் அறுக்காமல் நெகிழ்ந்து கொடுக்கிறது, சணலைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு மழைக்காலம் போனால் இற்றுப் பொடியாகத் தொடங்கும். மண்ணில் விழுவதற்கு முன்பே அவிழ்த்து எடுத்துவிட வேண்டும்.