இடுப்பு வலிக்காரர்களுக்கு ஸ்டாண்ட் வைத்த குரோ பேக்: பையை வாங்கலாம், ஸ்டாண்டை அளந்து செய்யலாம்

நாலடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி உயரத்தில் பச்சை நிற எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பை. அதைத் தூக்கி நிறுத்த ஓர் இரும்பு ஸ்டாண்ட். மாடித்தோட்டச் சாமான் விற்கும் கடைகளில் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். குனிய வேண்டாம், கொத்த வேண்டாம் என்பதுதான் விற்பனைப் பேச்சு. கொத்த வேண்டாம் என்பது முழு உண்மை. குனிய வேண்டாம் என்பது மட்டும் ஸ்டாண்டின் உயரத்தைப் பொறுத்தது. அங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

கடையில் எளிதாகக் கிடைப்பது ஓரடி உயர ஸ்டாண்ட். பையில் ஒன்பது அங்குலத்துக்கு மண்கலவை போட்டால் மேல்மட்டம் தரையிலிருந்து 21 அங்குலம், அதாவது முழங்காலுக்குச் சற்று மேலே. நாற்று நடவும் களை பிடுங்கவும் பாதி குனிந்தபடியே நிற்க வேண்டும். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்த அரைக்குனிவு நல்லதல்ல. சரியான அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செருப்போடு நேராக நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, மண்ணின் மேல்மட்டம் அங்கே வர வேண்டும். ஐந்தேகால் அடி உயரம் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 30 அங்குலம். அதில் ஒன்பதைக் கழித்தால் ஸ்டாண்டின் உயரம் 21 அங்குலம். இந்த அளவைச் சொல்லிப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்துகொள்வதே நல்லது. ஸ்டூலில் உட்கார்ந்துதான் வேலை செய்ய முடியும் என்பவர்கள் முழங்கால் உள்ளே போகும்படி அடியில் இடம் விட்டு, ஆறு அங்குல ஆழப் பை மட்டும் வைத்துக் கீரை போடலாம். பக்கவாட்டில் உட்கார்ந்து உடம்பைத் திருப்பித் திருப்பி வேலை செய்தால் வலி இரட்டிப்பாகும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை: ஓரங்குலச் சதுரக் குழாய், நாலு காலுக்குப் பதில் ஆறு கால், குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே ஆறு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். கம்பி இடைவெளி கூடினால் பையின் அடி தொப்பைபோலத் தொங்கி, மூலைத் தையல் பிரியும். வெல்டிங் போட்ட இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும், ஏனென்றால் பையிலிருந்து சொட்டுவது உரம் கலந்த தண்ணீர். துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் அடித்த பிறகே பையை வையுங்கள். காலுக்கு அடியில் நாலுக்கு நாலு அங்குல இரும்புத் தகடு கட்டாயம். ரப்பர் புஷ் மட்டும் மாட்டிய குழாய்க்கால் நாளடைவில் தட்டோட்டை உடைத்து மாடியில் ஒழுகலுக்கு வழி திறக்கும்.

எடை விஷயத்தை விற்பனையாளர்கள் யாரும் பேசுவதில்லை. கீழே சொல்லும் கலவையோடு நனைந்த பை ஒன்று 130 முதல் 150 கிலோ வரை வரும். பையின் பரப்பு முக்கால் சதுர மீட்டர்தான் என்பதால் சதுர மீட்டருக்கு 175 முதல் 200 கிலோ. ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு கட்டடங்கள் தாங்க வேண்டிய பளுவைச் சொல்லும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875இன் இரண்டாம் பகுதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. ஆகவே மாடியின் நட்டநடுவில் நாலைந்து பைகளை ஒட்டி ஒட்டி வைக்கக் கூடாது. கீழே சுவரோ பீமோ ஓடும் வரிசையில் வையுங்கள். பழைய வீடு என்றால் பொறியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பையைப் பார்க்கும்போது ஜி.எஸ்.எம். எண்ணை (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) மட்டும் கேட்டால் போதாது. 220க்கு மேல் இருப்பது நல்லதுதான், ஆனால் யு.வி. பாதுகாப்பு இல்லாத கனமான பையும் நம் வெயிலில் சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும். தையல் இரட்டையாக இருக்கிறதா, நூல் நைலானா என்று திருப்பிப் பாருங்கள். வடிகால் துளை பக்கவாட்டில், அடிவிளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். அடியில் மட்டும் துளை இருந்தால் ஸ்டாண்ட் கம்பி அதை அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஓரங்குலம் மேலே இருந்தால் அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அகலம் இரண்டடிக்கு மேல் வேண்டாம், சுவர் ஓரமாக வைத்தால் அதற்கு அப்பால் கை எட்டாது.

இனி நிரப்புவது. ஆண்டு முழுக்க இந்தப் பாத்தியில் முதுகை ஒடிக்கும் வேலை இது ஒன்றுதான், அதையும் பாதியாகக் குறைக்கலாம். ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டியைத் தனித்தொட்டியில் ஊறவைத்தால் இருபத்தைந்து, முப்பது கிலோ ஈரச்சுமையாகி நிற்கும், அதை யார் தூக்குவது? காய்ந்த கட்டியை அப்படியே பைக்குள் வைத்து, ஹோஸ் குழாயால் அங்கேயே நனையுங்கள். ஒரு மணி நேரத்தில் உதிர்ந்து எழுபது லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். பிறகும் ஹோஸை விட்டு, வடிகாலில் சிவப்புச் சாயம் வெளுக்கும் வரை அலசுங்கள். நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும். அலசாமல் நட்டால் இலை நுனி கருகும். உரம் போடுவதற்கு முன்பே அலசிவிடுவது முக்கியம், இல்லாவிட்டால் உரமும் சேர்ந்து வடிந்துவிடும். 2021ஆம் ஆண்டு தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டத் தளையில் (கிட்) 2 கிலோ கட்டிகள் ஆறு வைத்திருந்தார்கள். கட்டி சிறியதாக இருப்பது இடுப்பு வலிக்காரருக்கு எத்தனையோ வசதி.

ஒன்பது அங்குலத்துக்கு நிரப்ப 170 லிட்டர் கலவை வேண்டும். நார்க்கழிவு 70 லிட்டர், மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ 70 லிட்டர், செம்மண் 30 லிட்டர், வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ. உரத்தோடு நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிராம் கலந்துவிட்டால் நாற்றழுகல் குறையும். உரத்தை நாற்பது கிலோ மூட்டையாக வாங்காமல் ஐந்து கிலோ பைகளாக வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனாலும் மாடிப்படிக்கு அதுதான் நியாயம். நன்றாக மட்காத சாணத்தைப் போட்டால் பைக்குள் சூடேறி நாற்று வதங்கும், வேர்ப்புழுவும் கூடவே வரும்.

ஒருமுறை நிரப்பியபின் கலவையைக் கிளறவே வேண்டாம். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் பையைக் கொட்டி, வெயிலில் காயவைத்து, மறுபடி கலக்கச் சொல்வது மாடித்தோட்டக்காரர்களிடம் பரவலாக இருக்கும் வழக்கம். முதுகுக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. அறுவடை முடிந்த செடியை மண்மட்டத்தோடு கத்தரியால் வெட்டி, வேரை உள்ளேயே விட்டுவிடுங்கள். அது மட்கிப்போன வழியில் காற்றும் தண்ணீரும் இறங்கும். மேலே ஓரங்குலத்துக்கு மட்கிய உரம் பரப்பினால் போதும். கணக்குப் பார்த்தால் 19 லிட்டர், ஒரு பெரிய வாளி. நார்க்கழிவு மட்கி மண் இறங்குவதையும் இதுவே ஈடுகட்டும்.

இதற்கு விதிவிலக்கு வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை செடிகள் காரணமில்லாமல் சோர்ந்தால், ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அந்தப் பையில் உள்ள எல்லா வேரையும் எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அடுத்த பருவம் அங்கே செண்டுமல்லி நெருக்கமாக நடுங்கள்.

மூடாக்குக்குக் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை எதுவும் ஆகும். இரண்டங்குலக் கனம், தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடாக்கைப் பாதியாக்கிவிடுங்கள், இல்லையென்றால் நத்தையும் மரவட்டையும் அங்கே குடியேறிவிடும்.

இந்த உயரத்துக்கு எல்லாச் செடியும் ஒத்துவராது. முப்பது அங்குலத்துக்கு மேல் நாலடித் தக்காளி வளர்ந்தால் காய் தலைக்கு மேலே தொங்கும். அதைக் கட்டவும் பறிக்கவும் கழுத்தும் தோளும் வலிக்கும். அரைக்கீரை, சிறுகீரை, பாலக், மிளகாய், குட்டைக் கத்தரி, முள்ளங்கி, கொத்தமல்லி, செடி அவரை ஆகியவை ஸ்டாண்டில். தக்காளி, வெண்டை, பந்தல் காய்கள் தரையில் வைத்த பையில். சர்க்கரைவள்ளி வேண்டாம், தோண்டாமல் எடுக்க முடியாது.

தண்ணீருக்கு வாளி தூக்குகிறவர் இந்தப் பாத்தியின் பயனைப் பாதி இழக்கிறார். 16 மி.மீ. லேட்டரல் என்னும் சொட்டுநீர்க் குழாயைப் பைகளின் ஓரமாக ஓட்டி, பைக்கு ஆறு சொட்டுவாய் வையுங்கள். மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு, அதனால் அழுத்தம் சமன்செய்யும் வகைச் சொட்டுவாய் சரியாகத் திறக்காது. திருகி அளவு மாற்றும் சாதாரண வகையே போதும். நுழைவாயில் வலை வடிகட்டி அவசியம். போர்வெல் தண்ணீரின் உப்பு அடைத்துக்கொண்டால் சொட்டுவாய்களைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறப்போடுங்கள். கத்திரி வெயிலில் ஒரு பைக்கு நாளுக்கு எட்டு முதல் பத்து லிட்டர் போகும். காலை, மாலை என்று பிரித்து விடுங்கள். மேற்கு வெயில் படும் பக்கத்தில் பச்சை நிழல்வலை கட்டினால் பையின் சுவர் சூடேறி வேர் வேகாமல் தப்பும்.

சில ஆண்டுகளில் பையின் வெளிப்பக்கம் வெளுத்து, தடவினால் தூள் வரும். அப்போது புதுப் பை வாங்கி 150 கிலோவை மாற்றிக் கொட்ட முனைய வேண்டாம். பழைய பிளெக்ஸ் பேனரை மடித்துப் பையைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்தி, மேலும் கீழும் நைலான் கயிறு கட்டி, வடிகால் துளைக்கு நேராக மட்டும் கத்தரித்துவிடுங்கள். மண் அசையாமல் இருக்கும், உள்ளே நிற்கும் மிளகாய்ச் செடியும் தொடர்ந்து காய்க்கும்.