துபாய்க்கு வெங்காயம் அனுப்பப் போறவங்க இதப் படிச்சிட்டு அனுப்புங்க, எனக்கு 2,30,000 ரூபா போச்சு

வயித்தெரிச்சல்ல எழுதுறேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. மதுரை கீழமாரட் வீதிப் பக்கம் வெங்காய யாவாரம் எனக்கு. வெளிநாட்டு பையரப் பிடிச்சுத் தர்ற ஆன்லைன் தளம் ஒன்னு, பேரு இப்ப வேணாம், அதுல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி "அண்ணே, 2022 மே 1ல இருந்து இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் சீபாங்கிற வர்த்தக ஒப்பந்தம் ஓடுது, வரியெல்லாம் கொறஞ்சு போச்சு, இப்ப இறங்கலன்னா எப்ப இறங்குவீங்க"ன்னுச்சு. ஒப்பந்தம் என்னமோ உண்மைதான், ஆனா அது சுங்க வரி சமாச்சாரம், வாங்குறவன் காசு குடுப்பான்னு எந்த அரசாங்கமும் அதுல கையெழுத்துப் போடலயே!

மெம்பர்ஷிப் கட்டுனதும் "வெரிஃபைடு"னு பச்சை டிக் போட்ட ஒரு பார்ட்டியக் கோத்து விட்டாங்க. ஆளு தமிழு. துபாய் அல் அவீர் காய்கறி மார்க்கெட்டுக்குள்ள நின்னு வீடியோ கால்ல கடையச் சுத்திக் காட்டுறாரு, "எங்க அம்மாவுக்கு உசிலம்பட்டிதான் தம்பி"ங்கிறாரு. மொத லோடு கொஞ்சமா அனுப்புனேன், சரக்கு இறங்குன கையோட முழுப் பணமும் பேங்க்ல ஏறிருச்சு. அதுக்கு மேல யாருக்குங்க சந்தேகம் வரும்? வீட்டுல கூட, பரவால்ல நல்ல மனுசன்னாங்க.

அடுத்தது 2 டன் சின்ன வெங்காயம். திண்டுக்கல்ல எடுத்து, தரம் பிரிச்சு, 5 கிலோ வெள்ளை வலைப்பைல போட்டு, சரக்குல பூச்சி, நோய் இல்லன்னு குடுக்கிற பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் எல்லாம் வாங்கி திருச்சி ஏர்போர்ட்ல ஏத்தியாச்சு. பில்லு 2,75,000. அட்வான்ஸ் 45,000 வந்துச்சு, மிச்சம் சரக்கு வந்ததும்னார். மிச்சம் 2,30,000.

சரக்கு போயிருச்சு, வெளியவும் எடுத்துட்டாங்க. அப்புறம் "அழுகிப் போச்சு தம்பி"ன்னு போட்டோ வருது. போட்டோல இருக்கிறது செவப்புச் சாக்கு, உள்ள பெல்லாரி! ஏன்யா, ஏமாத்துறதுக்காச்சும் சின்ன வெங்காயத்தப் படம் பிடிக்கக் கூடாதா? கேட்டதும் பிளாக் பண்ணிட்டான்.

தளத்துல கேட்டா மொதல்ல "டிக்கெட் ரைஸ் பண்ணுங்க சார்", அப்புறம் "டீம் லீடர் லீவு", கடைசில "அறிமுகம் செஞ்சு வைக்கிறது மட்டும்தான் சார் எங்க வேலை, கண்டிஷன்ல போட்டிருக்கு". அப்ப அந்தப் பச்சை டிக்கு எதுக்குடா? அண்ணேன்னு கூப்பிட்ட பொண்ணு இப்ப போனே எடுக்கிறதில்ல, மெம்பர்ஷிப் ரினியூவலுக்கு மட்டும் மெசேஜ் ஒழுங்கா வருது. இதுல பேங்க்காரங்க வேற, ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கு கஸ்டம்ஸ்ல போட்ட பில்லு) ஓப்பன்ல கெடக்கு, பணம் எப்ப வரும்னு என்னையப் போட்டு நோண்டுறாங்க. மண்டிக்காரருக்கு நான் பாக்கி. 2,30,000 உங்களுக்குச் சின்னத் தொகையா இருக்கலாம், எனக்கு அது ஒரு சீசன் முதலு.

என்னென்ன பாக்கணும்னு வெவரமா எழுதத்தான் உக்காந்தேன், கை ஓட மாட்டேங்குது. மொத லோடு காச நம்பாதீங்க, அது தூண்டில் புழு. புதுப் பார்ட்டின்னா முழு அட்வான்ஸ், இல்லாட்டி எல்சி, அதாவது பேப்பர் சரியா இருந்தா காசுக்கு வாங்குறவனோட பேங்க்கே பொறுப்பேத்துக்கிற கடிதம். கடனுக்குத்தான்னு நின்னா ஏற்றுமதிக் கடனுக்கு இன்சூரன்ஸ் குடுக்கிற அரசு கம்பெனி ஈசிஜிசில பையரப் பத்தி விசாரிச்சு இன்சூரன்ஸ் போட்டுட்டு அனுப்புங்க. மாட்டிக்கிட்டா வெளிநாட்டு வர்த்தகத்தப் பாக்கிற மத்திய அரசு ஆபீஸ் டிஜிஎஃப்டில வர்த்தகத் தகராறுன்னு புகார் குடுக்கலாம், ஆன்லைன் மோசடின்னா சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க. ஏற்றுமதி இறக்குமதிக்கு வேணுங்கிற ஐஇசி கோடு எடுக்க அரசாங்கக் கட்டணம் 500 ரூபாதான், அதுக்கு ஆயிரக்கணக்குல எவனாவது கேட்டா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க.