ஒயில் இல்லாத காரைத் தள்ளிய கதை: திருகோணமலையில் ஒரு சேர்விஸ்

இம்முறை திருகோணமலையில் நின்றபோது வங்கிக் கணக்கைப் புதுப்பித்தேன், காணி உறுதியின் பிரதியை எடுத்தேன், பல் வைத்தியரிடமும் போய் வந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தபடியால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது, மச்சானின் டொயோட்டா அக்குவா காருக்கு எஞ்சின் ஒயில் மாற்றப் போய், ஒரு சொட்டு ஒயிலும் இல்லாத காரை உச்சி வெய்யிலில் வீதியோரமாகத் தள்ளிக்கொண்டு போக நேர்ந்த கதை.

ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கொழும்புவரை அந்தக் காரை ஓடித் திரிந்தவன் நான். ஆகவே திருப்பிக் கொடுக்குமுன் சேர்விஸ் செய்து கொடுப்பதுதான் முறை. மச்சான் வழக்கமாகப் போவது கண்டி வீதிப் பக்கம் இருக்கும், தனக்குத் தெரிந்த ஒரு நானாவின், அதாவது முஸ்லிம் அண்ணர் ஒருவரின் கராஜுக்கு. ஆனால் கனடாவில் இருந்து வந்தவனை ஒயில் ஊறிய மண் தரையில், கால் ஆடும் வாங்கில் இருத்துவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அதே வீதியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சேர்விஸ் நிலையத்தைக் காட்டினார். கண்ணாடி அறை, குளிரூட்டி, இலவச நெஸ்கபே, நெஞ்சில் பெயர் பொறித்த சீருடைப் பையன்கள், கணினியில் பதிவு. கார் றாம்பில் ஏறும்வரை வீரகேசரியை விளம்பரம் மிச்சமில்லாமல் வாசித்து, பிறகு கிறீஸ் அடிக்கும் நிப்பிள்களைப் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்த நம் தலைமுறைக்கு அந்த இடம் கனடாவின் ஸ்காபரோவைப் போலவே இருந்தது. அதனால்தான் நானும் கண்ணாடிக்கு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

முதல் உரசல் ஒயிலின் தடிப்பில் தொடங்கியது. ஜப்பானில் இருந்து இறக்கிய கார் என்பதால் கைநூல் முழுவதும் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. ஆனால் எஞ்சினின் ஒயில் மூடியில் 0டபிள்யூ-20 என்று பொறித்திருப்பதை வாசிக்க எந்த மொழியும் தேவையில்லை. பதிவு செய்த பையன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“சேர், இது தண்ணி மாதிரி ஒயில். உங்கட குளிர் நாட்டுக்குத்தான் சரி. எங்கட வெய்யிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்தினாத்தான் எஞ்சினுக்கு நல்லம்.”

இந்த வாதத்தை ஊரில் கேளாதவர் இருக்க முடியாது, அதில் பழைய நியாயம் ஒன்றும் உண்டு. ஓடித் தேய்ந்த பழைய நிசான் சணிக் காருக்கும் டொல்பின் வேனுக்கும், கச்சா எண்ணெயில் இருந்து வடித்த தடித்த மினரல் ஒயில் ஊற்றிப் பழகிய கை அப்படித்தான் பேசும். ஆனால் ஓடிச் சூடேறிய எஞ்சினுக்குள் இருக்கும் ஒயிலுக்கு வெளியே அடிப்பது ரொறன்ரோவின் தை மாதப் பனியா, நிலாவெளியின் வைகாசி வெய்யிலா என்பது பெரிய கணக்கில்லை. தெர்மோஸ்டாற் எஞ்சினை ஏறக்குறைய ஒரே சூட்டில் வைத்திருக்கிறது. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸில் அதன் தடிப்பையும் குறிக்கின்றன. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் அளவையின்படி அந்தச் சூட்டில் 20ஆம் தரத்தின் தடிப்பு 6.9இல் இருந்து 9.3 சென்ரிஸ்ரோக்ஸுக்குள் அடங்க வேண்டும். 50ஆம் தரம் தொடங்குவதே 16.3இல். அக்குவா போன்ற ஹைபிரிட் காரில் எஞ்சின் ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று எழும்புகிறது. எழும்பும் ஒவ்வொரு முறையும் ஒயில் உடனே மேலே போய்ச் சேர வேண்டும். இரண்டு மடங்கு தடித்த ஒன்றை அதற்குள் ஊற்றினால் பெற்றோலும் கூடக் குடிக்கும். இவ்வளவையும் நான் விளக்க, பையன் மறுக்காமல் கணினியில் 0டபிள்யூ-20, புல் சிந்தெற்றிக் (முழுச் செயற்கை ஒயில்) என்று மாற்றிப் பதிந்தான். விலையும் மாறியது, அதில் எனக்குக் குறையில்லை.

பிறகுதான் கான் வந்தது. றாம்பின் கீழே பழைய ஒயில் முழுவதும் வடிந்து முடிந்த நேரம், இன்னொரு பையன் ஸ்டோர் பக்கமிருந்து நான்கு லீற்றர் கானைத் தூக்கிக்கொண்டு வருவதைக் கண்ணாடிக்கு ஊடாகக் கண்டேன். மூடியின் கீழே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் வளையம் இல்லை. வாயை மூடியிருக்க வேண்டிய வெள்ளித் தாள் இல்லை. கானின் பக்கவாட்டில் அளவு பார்க்க விடும் வெளிர்ந்த கோட்டில் ஒயில் நான்கு லீற்றர் குறிக்கு ஒரு விரல் கீழே நின்றது. வெளியே வந்து கேட்டேன். “சீல் ஸ்டோருக்குள்ளயே உடைச்சுத்தான் தருவினம் சேர்” என்றான் அவன். முகாமையாளரைக் கூப்பிட்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு, கணினித் திரையை என் பக்கம் திருப்பி, “சிஸ்டத்தில புல் சிந்தெற்றிக் எண்டுதான் இருக்குது சேர், பில்லிலயும் அப்பிடித்தான் வரும்” என்றார். கான் ஏன் திறந்திருக்கிறது என்ற கேள்விக்குப் பில்லில் என்ன வரும் என்பது எப்படிப் பதிலாகும் என்று நான் கேட்க, அவர் பில்லில் வருவதையே திரும்பவும் சொன்னார். சீல் உடைக்காத வேறொரு கான் கொண்டுவரச் சொன்னேன்; அந்த ரகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் என்றார்கள். வெளியே வாங்கி வருகிறேன் என்றேன்; வெளி ஒயில் ஊற்றுவது கம்பனி விதிக்குப் புறம்பு என்றார்கள்.

அந்தக் கானுக்குள் நல்ல ஒயிலே இருந்திருக்கலாம். ஆனால் சிந்தெற்றிக்கும் மினரலும் கண்ணுக்கு ஒரே பொன்னிறம். விரலில் தொட்டுத் தேய்த்து வேறுபாடு சொல்லக்கூடிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. சீல் ஒன்றுதான் வாங்குபவனுக்கு இருக்கும் ஒரே சாட்சி, அதையும் கண்ணுக்கு மறைவாக உடைத்துவிட்டால் மிஞ்சுவது முகாமையாளரின் வாய்ச்சொல் மட்டுமே.

இப்போது காரின் வயிற்றில் ஒயில் இல்லை. ஹைபிரிட் என்பதால் பற்றரியில் சற்றுத் தூரம் நகரும்தான், ஆனால் எந்த நொடியில் எஞ்சின் தானாக எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒயில் இல்லாமல் அது எழும்பினால் அத்தோடு சரி. மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் நானாவுக்கு எடுத்தார். நானா கேட்டது ஒரே கேள்விதான்: “ட்ரெயின் பிளக்க திரும்பப் பூட்டிட்டாங்களா?” ஒயில் வடிக்கக் கழற்றும் அந்த ஆணியைப் பூட்டியிருந்தார்கள். கழுவிய காசையும் ஒயில் கழற்றிய கூலியையும் கட்டினேன். மச்சான் வந்து சேர, கியரை நியூட்ரலில் விட்டு வீதியோரமாக நானும் மச்சானும் தள்ளத் தொடங்க, எங்கிருந்தோ இரண்டு சீருடைப் பையன்களும் வந்து பின்னால் கை வைத்தார்கள். கானைத் தூக்கி வந்தவனும் அதில் ஒருவன். முகாமையாளர் கண்ணாடிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன்களில் எனக்குக் கோபமே வரவில்லை. கனடாவின் ஒன்ராரியோவில் எந்தக் கடையில் ஊழியன் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து, கோபித்துக்கொண்டு போகும் வாடிக்கையாளனின் காரைத் தள்ளிவிடுவான்?

நானா கிண்ணியாக்காரர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடல் கடந்து வேலைக்கு வந்தவர். இன்றைக்கும் அதே கராஜ், அதே குழி, அதே தகரக் கூரை. நான் அங்காடியில் வாங்கி வந்த கானைக் கையில் எடுத்து முதலில் வளையத்தை விரலால் சுற்றிப் பார்த்தார், பிறகு அடியில் அச்சடித்த தொகுதி எண்ணைப் பார்த்தார். உடைக்கச் சொல்லி என்னிடமே திருப்பித் தந்தார். குழிக்குள் இறங்கிப் பழைய பில்டரைக் கழற்றிப் பத்திரிகைத் தாளில் வைத்து மேலே நீட்டினார். ட்ரெயின் பிளக்கின் நசிந்துபோன வொஷரைக் காட்டி, “இத மாத்தாமலேயே பூட்டியிருக்காங்க, தம்பி” என்று சொல்லிப் புதியதைப் போட்டார். புதிய பில்டரின் றப்பர் வளையத்தில் சுட்டு விரலால் ஒரு சொட்டு ஒயிலைத் தடவி, வளையம் தொட்டதன் பிறகு முக்கால் சுற்று, அதுவும் வெறும் கையால். இந்த எஞ்சினுக்குப் பில்டரோடு சேர்த்துக் கொள்ளளவு 3.7 லீற்றர். அவர் மூன்றரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் காத்திருந்து, ஒயில் மட்டம் காட்டும் டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தை ஊற்றினார். மீந்ததை ஒரு சோடாப் போத்தலில் அடைத்து டிக்கியில் வைத்தார்.

அதன் பிறகு செய்ததுதான் என்னைத் திகைக்க வைத்தது. ஒரு திருகாணிச் சாவியையும் சுத்தியலையும் எடுத்து, அந்த வெறும் கானை நிலத்தில் சாய்த்து, அடியில் இரண்டு துளை போட்டார். “இத இப்படியே வெளியில விட்டா நாளைக்கு வேற ஒயிலோட திரும்பி வரும்” என்றார். மச்சான் பேசாமல் தலையாட்டினார். அவருக்கு இது பழகிய காட்சி.

ஒன்ராரியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாகனத் திருத்துநர்களுக்கென்று தனியாக ஒரு பகுதியே வைத்திருக்கிறது: முன்கூட்டியே மதிப்பீடு எழுதித் தர வேண்டும், அதற்கு மேல் 10 வீதத்துக்குக் கூடுதலாக அறவிடக் கூடாது, கழற்றிய பாகங்களைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும், வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம். இதெல்லாம் சுவரில் எழுதித் தொங்குகிறது. ஆனால் அங்கே ஒயில் ஊற்றுவது பெரும்பாலும் கூரையில் இருந்து தொங்கும் குழாயால். அதன் மறு நுனியில் இருக்கும் தொட்டியை வாடிக்கையாளன் கண்ணால் காண்பதே இல்லை. பில்லில் உள்ள எழுத்தை நம்பிக் காசு கட்டுகிறோம், அத்தோடு கபின் பில்டர், இன்ஜெக்ரர் கழுவுதல் என்று கேளாத இரண்டையும் தலையில் கட்டுகிறார்கள். அங்கே பில்லை நம்ப முடிவது, பில் பொய்யென்றால் முறையிட ஓரிடம் இருப்பதனால். அப்படி முறையிட்டால் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத ஊரில் பில்லை மட்டும் நகலெடுத்துக் கொண்டுவந்து வைத்தால் முகாமையாளரின் திரை மாதிரித்தான் இருக்கும்.

“சிந்தெற்றிக்” என்ற முத்திரைக்குக்கூட ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மொபில் நிறுவனம் காஸ்ட்ரோலுக்கு எதிராகக் கொடுத்த முறைப்பாட்டில், கச்சா எண்ணெயைக் கடுமையாக ஹைட்ரஜன் ஊட்டிப் பதப்படுத்திய மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் சிந்தெற்றிக் என்று விளம்பரம் செய்யலாம் என 1999இல் தீர்ப்பாயிற்று. ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டால் சிரிப்பான்; அங்கே முழுச் சிந்தெற்றிக் என்று எழுதும் உரிமை இன்னும் இறுக்கமானது. எதுவானாலும், நல்ல சிந்தெற்றிக் சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாகிக் குறைவதும் குறைவு, கசடும் கட்டாது. ஒருமுறை சிந்தெற்றிக் ஊற்றினால் மினரலுக்குத் திரும்ப முடியாது என்று உவர்மலையில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது வெறும் கதை, இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். நானா தன் பழைய வேனுக்கு ஊற்றுவது மினரல்தான், ஆனால் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல்.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்று 2025 மாசியில்தான் மறுபடி திறந்தது. இடையில் 2022இல் ரூபாய் விழுந்தபோது ஒயில் விலையும் ஏற, பலர் மாற்றும் தவணையை நீட்டினார்கள், சிந்தெற்றிக்கில் இருந்து இறங்கினார்கள். இருக்கும் காரை இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டிய நாட்டில், கானுக்குள் இருப்பதைப் பற்றிய சந்தேகம் பணக்காரத் தொல்லை அல்ல. இதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டி, 1942 சித்திரையில் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளான எண்ணெய்த் தாங்கிகளும், இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யின் ஒயில் கலக்கும் ஆலையும் இருப்பது இதே திருகோணமலையில்தான். ஒயில் பிறக்கும் ஊரில் நின்றுகொண்டு ஒயிலின் பிறப்பைச் சந்தேகிக்கிறோம்.

நானாவிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பற்றுச்சீட்டுக் கேட்டபோது பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். கராஜின் பெயரில்லை, ஒயிலின் பெயரில்லை, கையெழுத்துமில்லை. திகதியையும் கிலோமீற்றரையும் பில்டரின் உடம்பிலேயே மார்க்கரால் எழுதிவிட்டதாகச் சொன்னார். கார் விற்கும் நாளில் அதைக் குனிந்து வாசிக்க யார் வருவார்கள் என்று கேட்டேன். “விக்காதீங்க” என்றார்.

மார்கழி விடுமுறைக்குப் போகிறவர்கள் கானைத் தெரிந்த கடையில் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். வெளி ஒயில் ஊற்றுவார்களா என்பதை, ட்ரெயின் பிளக்கில் சாவி வைக்குமுன்பே கேட்டுவிடுங்கள். நானாவிடம் போவதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆத் தொழுகைக்குக் கிண்ணியாவுக்குப் போனால் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் திறக்கிறார்.