கேம்-ஐசியு சோதனை அட்டை: ஒரு செவிலியரின் மதிப்புரை

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் டியூப்களைப் பிடுங்கிக்கொண்டு கூச்சலிட்டால், அவருக்கு டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம் வந்துவிட்டதை வாசலில் நிற்கும் காவலாளிகூடச் சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கிடந்து, கூப்பிட்டால் 'ம்' என்று மட்டும் சொல்பவரிடம் அதே குழப்பத்தைக் கண்டறியத்தான் கருவி வேண்டும். கேம்-ஐசியு அட்டையை அந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

டெலிரியத்தைக் கண்டறிய 1990-இல் ஷாரன் இனோயே குழுவினர் வெளியிட்ட கேம் முறையை, வெண்டிலேட்டர் குழாயால் பேச முடியாதவர்களுக்கும் பொருந்துமாறு அமெரிக்க மருத்துவர் வெஸ்லி ஈலியும் அவருடைய குழுவினரும் மாற்றி 2001-இல் வெளியிட்டார்கள். விழிப்புநிலையை எண்ணால் குறிக்கும் ராஸ் அளவில் -4 அல்லது -5 என்றால், அதாவது கூப்பிட்டும் எந்த அசைவும் இல்லாத ஆழ்ந்த மயக்கம் என்றால், சோதனையை ஒத்திவைக்க வேண்டும். மற்றவர்களிடம், மனநிலை திடீரென மாறியதா, ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபின் கவனத்தைச் சோதிக்க வேண்டும். இவ்விரண்டோடு, விழிப்புநிலை மாற்றமோ சிந்தனைக் குழப்பமோ சேர்ந்தால் அது டெலிரியம்.

அட்டையின் உயிர் கவனச் சோதனையில்தான் இருக்கிறது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு எஸ், ஏ, வி, ஈ, ஏ, ஹெச், ஏ, ஏ, ஆர், டி என்று பத்து எழுத்துகளை மூன்று விநாடிக்கு ஒன்றாகச் சொல்ல, அவர் 'ஏ' வரும்போது மட்டும் அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் பிழையானால் கவனம் சிதறியிருக்கிறது. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றி இரண்டு இரவுகள் 'அமைதியாக உறங்கினார்' என்று எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் சோதித்தபோது, அவர் முதல் 'ஏ'-க்குச் சரியாக அழுத்திவிட்டு அடுத்த எழுத்துகளுக்கெல்லாம் அழுத்தினார். பிறகு கை தளர்ந்துவிட்டது. அந்த 'அமைதி' என் பிழை. மருத்துவர் காரணம் தேடியபோது சிறுநீர்த் தொற்று தெரியவந்தது.

குறைகளும் உண்டு. 'ஹெச்' என்பதை 'ஏச்' என்று சொன்னால் தெளிவாக இருப்பவரும் அழுத்திவிடுகிறார். பிழை அவருடையதா, என் நாக்கினுடையதா என்று தெரிவதில்லை. சிந்தனைக் குழப்பத்தைச் சோதிக்கக் கேட்கும் 'ஒரு பவுண்டு இரண்டு பவுண்டைவிடக் கனமா' என்ற கேள்வி பவுன் கணக்காகிவிடுவதால், எங்கள் பிரிவில் கிலோ என்று கேட்கிறோம். 'கல் தண்ணீரில் மிதக்குமா' என்றதற்குச் சைவப் பெரியவர் ஒருவர், "அப்பருக்கு மிதந்ததே, சிஸ்டர்" என்றார். அட்டையின்படி அது பிழை.

ஒரு பணிமுறை (ஷிப்ட்) முழுவதும் கவனித்து எட்டு அம்சங்களுக்குப் புள்ளியிடும் ஐசிடிஎஸ்சி முறையும் நல்லதே; ஆனால் நெருக்கடியான இரவில் ஓரிரு நிமிடங்களில் முடியும் இந்த அட்டையையே எடுக்கிறேன். ஐந்துக்கு நான்கு தரலாம். காலை ஆறு மணிக்குத் தெளிவாக இருந்தவர் ஒன்பது மணிக்குக் குழம்பலாம் என்பதால், மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் மாட்டியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, பணிமுறைக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும்.